வச்சது வச்சதுதான்

பொது இடத்தில் என் தம்பியைத் தலைகீழாகப் பார்ப்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏரிக்கரைப் பூங்காவை ஒட்டி பஸ் மெதுவாகத் திரும்பியபோது ஜன்னல் வழியே பார்க்கிறேன், வேலியோரப் புதருக்குள் ஒரு ஆள் தலையை நுழைத்து மண்டியிட்டிருக்கிறான். பேண்ட்டும் பெல்ட்டும் மட்டும்தான் வெளியே தெரிகின்றன. பெல்ட்டில் ஒரு சாவிக்கொத்தும் ஸ்க்ரூடிரைவரும் தொங்குகின்றன. பக்கத்தில் வெயில் தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று காவல் பார்க்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண் என் தம்பி மகள் சிட்டு. ஞாயிற்றுக்கிழமைகூட ஸ்க்ரூடிரைவரைக் கழற்றாத பெல்ட் உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மூச்சிரைக்கத் திரும்பி நடந்தேன். ஏதாவது பறிகொடுத்துவிட்டானோ, மயக்கம் போட்டு விழுந்துவிட்டானோ என்று ஆயிரம் யோசனை. நான் போய்ச் சேர்ந்தபோது அவன் தலையில் இலையோடு வெளியே வந்து, என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தான்.

"சத்தம் போடாதக்கா. ஆளுங்க பாக்குறாங்க. ஷூ லேஸ் கட்டுற மாதிரி குனிஞ்சு உக்காரு."

நான் போட்டிருந்தது செருப்பு.

என் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கூத்து யாருக்கும் புரியாது. அவன் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் சட்டாம்பிள்ளை. அந்தப் பெயர் எங்கள் குடியிருப்பு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது கூரியர்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வீடு விசாரிக்கிறார். தன் கல்யாணத்தன்றே மண்டபத்து லிஃப்டில் ஆள் கூடிப்போனது என்று கல்யாண உடுப்போடு இறங்கி, பெண்ணையும் இறக்கி, படியேறி வந்தவன் அவன். அவன் வீட்டில் கத்தரிக்கோலை எடுத்தால் எடுத்த ஆணியிலேயே மாட்ட வேண்டும். திரைச்சீலை தைத்துப் பிழைக்கிற எனக்கு ஒரு நாளைக்குப் பத்து இடத்தில் கத்தரிக்கோல் கிடக்கும்; என் வீட்டுக்கு வந்தால் அவனுக்கு உட்காரவே முடியாது. அவன் கீழ் மாடி, நான் மேல் மாடி. நடுவில் இருக்கிற படிக்கட்டுதான் எங்கள் இருவர் மானத்தையும் காப்பாற்றி வந்தது.

கேலி செய்கிறேனே தவிர, அவன் ஏன் அப்படி ஆனான் என்று எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், லிஃப்ட் குழிக்குள் இவனோடு இறங்கிய ஒருவருக்குக் கை போனது. மேலே இருந்தவன், கீழிருந்து 'சரி' என்று குரல் கேட்டதாக நினைத்துப் பட்டனை அமுக்கிவிட்டான். அன்றிலிருந்து என் தம்பி குரலை நம்புவதில்லை. கழுத்தில் ஒரு விசில் மாட்டிக்கொண்டான், எஃகு விசில். ஒரு தடவை ஊதினால் நில், இரண்டு தடவை ஊதினால் திரும்பி வா. அதற்குப் பிறகு அவனோடு இறங்கிய யாருக்கும் ஒரு நகம்கூடப் பிசகவில்லை.

அந்த விசிலுக்கு வீட்டுக்குள் ஒரு மரியாதை வந்தது சிட்டுவால்தான். சிட்டுவுக்குப் பிறந்ததிலிருந்தே வலது காது அறவே கேட்காது, இடது காது பாதி கேட்கும். அது தெரியவே எங்களுக்கு நாளாயிற்று. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைப் பார்த்து, "அப்பனை மாதிரி அழுத்தம்" என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று வயதில் இடது காதுக்கு மெஷின் மாட்டினார்கள். மாட்டிவிட்டு அம்மா கூப்பிட்டாள், அத்தை நான் கூப்பிட்டேன், டாக்டர் கைதட்டினார். பிள்ளை பாட்டுக்குத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் தம்பி கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினான். சிட்டு துள்ளித் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் அழுதுவிட்டோம். சட்டாம்பிள்ளை அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அன்றிலிருந்து வெளியே போனால் விசில்தான். "மத்த சத்தமெல்லாம் அவளுக்கு அரைகுறை. இது மட்டும் பளிச்சுனு போய்ச் சேருது, பாரேன்" என்பான். ஊதுவான். அவள் துள்ளுவாள். அவன் முகம் மலரும். மகளுக்குக் காது கேட்கிறது என்பதற்கு அவன் கையில் வைத்திருந்த அத்தாட்சி அது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சர், பிள்ளையை வெளியே கூட்டிப் போங்கள், நிறையப் பார்க்கட்டும், பார்த்ததைப் பேசட்டும் என்று சொன்னாராம். மற்ற அப்பன்கள் ஊஞ்சலுக்குக் கூட்டிப் போவார்கள். இவன் தேடித் தேடி, சட்டதிட்டம் உள்ள ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்துவிட்டான். ஜியோகேச்சிங் என்று பெயராம். நாங்கள் டப்பா வேட்டை என்போம். யாரோ ஒருவர் ஊருக்குள் ஒரு டப்பாவை ஒளித்துவைத்துவிட்டு, இடத்தைப் போன் ஆப்பில் போட்டுவிடுவார். மற்றவர்கள் போனில் வழி பார்த்துப் போய், போகிறவர் வருகிறவர் கண்ணில் படாமல் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கிற காகிதச் சுருளில் பெயர் எழுத வேண்டும். குழந்தைகளுக்காக டப்பாவில் சின்னச் சின்ன பொம்மைகள் கிடக்கும், மாற்றிக்கொள்ளலாம். தினம் கடந்து போகிற பாலத்துக்கு அடியில், பெஞ்சுக்குப் பின்னால், இப்படி ஒரு டப்பா இருக்கிறது என்று தெரிந்தபோது நான் ஆடிப்போனேன். இத்தனை வருஷம் நான் எதைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்?

அன்று புதரோரம் மண்டியிட வைத்து எனக்கும் பாடம் எடுத்தான்.

"கையை முதல்ல விடுறது பெரியவங்கதான்க்கா. உள்ள கண்ணாடித் துண்டு இருக்கும், பூச்சி இருக்கும். செடியை மிதிக்கக் கூடாது. கல்லைப் புரட்டினா புரட்டின இடத்துலயே வைக்கணும். திங்குற சாமான் வைக்கவே கூடாது, எறும்பு வந்துடும். கத்தி, தீப்பெட்டி, குத்துறது, சுடுறது எதுவும் ஆகாது. திறக்குறது யார் வீட்டுக் குழந்தையோ!"

"சரிடா. பொம்மை?"

"ஒண்ணு எடுத்தா ஒண்ணு வைக்கணும். எடுத்ததைவிட வைக்கிறது ஒரு படி மேல இருக்கணும். எதை வைக்கணும்னு குழந்தைதான் முடிவு பண்ணணும், நாம மூக்கை நுழைக்கக் கூடாது. அப்புறம், வச்சதைத் திருப்பிக் கேக்கக் கூடாது. வச்சது வச்சதுதான்."

"வச்சது வச்சதுதான்," என்றாள் சிட்டு, அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள். அவளுக்குத் தெளிவாகச் சொல்ல வந்த முதல் முழு வாக்கியம் அதுதான் என்று அவள் அம்மா பின்னால் என்னிடம் சொன்னாள்.

நான் வீட்டுக்குப் போய் மீதித் துணியில் ஒரு சுருக்குப்பை தைத்துக் கொடுத்தேன். அதில் அவள் மாற்றுப் பொம்மைகளை நிரப்பிக்கொண்டாள்: பளபளக்கிற பட்டன், ரப்பர் மீன், திரைச்சீலை வளையம், ஒரு குட்டிப் பூதக்கண்ணாடி. என்னையும் அவ்வப்போது வேட்டைக்கு இழுத்துப் போனார்கள். போன இடத்தில் மற்ற குடும்பங்கள் செய்கிற அநியாயங்களைப் பார்த்து நானே கொதிக்க ஆரம்பித்தேன் என்றால் பாருங்கள். ஒரு டப்பாவில் பாதி தின்ற பிஸ்கட். இன்னொன்றில் இருந்த பொம்மை அத்தனையும் அள்ளிக்கொண்டு ஒரு பஸ் டிக்கெட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். "பிள்ளை வளக்குறாங்களா, என்ன வளக்குறாங்க?" என்று நான் கத்த, ஒரு நாய் திரும்பிப் பார்த்தது.

இனி, எல்லாம் தலைகீழான அந்த இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஏரிக்கரையில் பழைய பம்ப் ரூம் ஒன்று உண்டு. அதன் பின்சுவரில் ஒரு செங்கல் கழன்று வரும். உள்ளே பச்சை டேப் சுற்றிய டப்பா. என் தம்பி கையை விட்டுத் துழாவி, ஆபத்தில்லை என்று தலையாட்டிவிட்டு, பத்தடி தள்ளி வந்து என்னோடு நின்றுகொண்டான். மாற்றுவது பிள்ளையின் வேலை, எட்டிப் பார்க்கக்கூட மாட்டான். சிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, வெகு நேரம் யோசித்து, டப்பாவை மூடி, செங்கல்லை இருந்தபடியே செருகினாள். கையில் ஒரு ரப்பர் நத்தை.

"வச்சியா?" என்று அவன் வாயசைத்துக் கேட்டான். அவள் பெரிதாகத் தலையாட்டினாள்.

பிறகு அவள் வாத்துகளைப் பார்க்கத் தண்ணீரோரம் போனாள். சரிவு வழுக்கும் என்று அவன் விசிலை வாயில் வைத்து இரண்டு தடவை ஊதினான். எனக்கே காது அடைத்தது. அவள் அந்த நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். துள்ளவில்லை. சிரித்துக்கொண்டே ஆடி அசைந்து நடந்து வந்தாள்.

"பாத்தியாக்கா? பழகிடுச்சு," என்றான் தம்பி. அப்படி ஒரு பெருமை அவன் முகத்தில்.

மதியம் கீழ் மாடியில்தான் எனக்கும் சாப்பாடு. மருந்துக் கடை வேலை முடிந்து தம்பி மனைவி அப்போதுதான் வந்திருந்தாள். சிட்டு மேஜையில் நத்தையை ஊர்ந்து போகவிட்டு விளையாடிக்கொண்டிருந்தாள், தலையில் இன்னும் அந்தத் தொப்பி. தம்பி மனைவி பின்னாலிருந்து, "கை கழுவினியாடி?" என்றாள். பதில் இல்லை. இன்னொரு தடவை சத்தமாகக் கேட்டாள். நத்தை தட்டைச் சுற்றி வந்தது. அவள் அருகே போய்த் தொப்பியைத் தூக்கினாள்.

இடது காது வெறுமையாக இருந்தது.

தம்பி மனைவி பிள்ளையின் முகத்தைத் திருப்பி, உதட்டை நன்றாக அசைத்து, "எங்கடி மெஷின்?" என்றாள்.

சிட்டு முகத்தில் பயமும் இல்லை, குற்றமும் இல்லை. பரிசு வாங்கிய பிள்ளை மாதிரிச் சொன்னாள்: "டப்பாவுல வச்சேன். ஒரு படி மேல."

என் தம்பி கையில் இருந்த டம்ளரை மேஜையில் வைக்கப் போய்க் காற்றில் வைத்தான். அது விழுந்து உருண்டு தண்ணீர் எல்லோர் காலிலும் ஓடியது, ஒருத்தரும் காலை எடுக்கவில்லை. தம்பி மனைவி கத்தியிருந்தால் தேவலை. அவள் மெதுவாக, "பிள்ளை எதை வைக்குதுன்னு ஒரு எட்டுப் பாக்கலையாங்க?" என்று கேட்டாள். அவன் வாயைத் திறந்தான். மூக்கை நுழைக்கக் கூடாது என்ற சட்டத்தைச் சொல்லத்தான் திறந்திருப்பான். சொல்லவில்லை.

அந்த மெஷின் அவள் காதுக்கென்றே அச்செடுத்துச் செய்தது. தொலைந்தால் திரும்பச் செய்து வர மாதக்கணக்கு ஆகும். இடைவெளி விட்டால் வந்த பேச்சும் பின்னால் போய்விடும் என்று டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினோம். பூங்கா வழியில் அவன் புல்லை மிதித்துக் குறுக்கே போனான். அவனை அப்படிப் பார்த்ததே எனக்கு இன்னொரு அதிர்ச்சி.

செங்கல்லை உருவினான். டப்பாவைத் திறந்தான். உள்ளே பட்டன், பழைய சாவி வளையம், காகிதச் சுருள். மெஷின் இல்லை. மெஷின் கிடந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் லாரி நின்றுகொண்டிருந்தது. காகிதத்தில் எங்கள் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு புனைபெயர்: மூணு முயல்.

"எவனோ எடுத்துட்டாண்டா," என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

"எடுத்துட்டு வச்சிருக்காங்கக்கா," என்றான் அவன், லாரியைப் பார்த்துக்கொண்டே. "முறைப்படிதான் செஞ்சிருக்காங்க."

அந்த நேரத்தில் அவனை ஏரியில் தள்ளிவிடலாமா என்று நினைத்தேன்.

ஆப்பில் அந்த மூணு முயலுக்குச் செய்தி அனுப்ப வழி இருந்தது. வச்சதைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று ஊருக்கே உபதேசம் செய்தவன், பம்ப் ரூம் சுவரில் சாய்ந்துகொண்டு, "தயவுசெய்து திருப்பிக் குடுத்துடுங்க, அது என் மகளோட காது" என்று அடித்தான். அனுப்பிவிட்டுப் போனையே முறைத்துக்கொண்டு நின்றான். வாத்துகள் கரையேறி வந்து எங்களைச் சுற்றிப் போயின. அந்த மெஷின் இந்நேரம் எந்த வீட்டுக் குப்பைத் தொட்டியிலோ, எந்த வாஷிங் மெஷினுக்குள்ளோ என்று நான் நினைத்ததையெல்லாம் வாய்விட்டுச் சொன்னேன். எனக்கு அப்படித்தான், பயம் வந்தால் வாய் நிற்காது.

சாயங்காலம்தான் பதில் வந்தது. முயல் அம்மாவுக்கு எங்களைவிட அதிர்ச்சி. கையோடு பூங்கா வாசலுக்கு ஓடி வந்துவிட்டார், கூட ஒரு குட்டி முயல், ஐந்து வயசுப் பையன். அவன் உள்ளங்கையை இறுக்கி மூடியிருந்தான். கைக்குள்ளிருந்து "கூ" என்று மெல்லிசாக ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. காது மெஷினைக் கைக்குள் பொத்தினால் அப்படித்தான் கத்தும்.

"பாடுற நத்தைனு நெனச்சுட்டான்ங்க," என்று அந்த அம்மா அழாத குறையாகச் சொன்னார். "நானும் ஏதோ பொம்மைனு விட்டுட்டேன். உள்ள வச்சது யாரா இருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். மன்னிச்சுடுங்க."

"தப்பு எங்க பக்கம்தாங்க," என்றான் தம்பி. பையன் எதிரில் முட்டிபோட்டு உட்கார்ந்து லாரியை நீட்டினான். பையன் லாரியைப் பார்த்தான், கையைப் பார்த்தான், பெருமூச்சு விட்டுவிட்டுக் கையைத் திறந்தான். காது அச்சில் கொஞ்சம் மிட்டாய் ஒட்டியிருந்தது. மற்றபடி சேதாரம் இல்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். வீட்டுக்கு வந்து, துடைத்து, சிட்டுவிடம் நீட்டினான். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வச்சது வச்சதுதான்."

எல்லோரும் சிரித்துவிட்டோம். அவள் அப்பன் பிள்ளைதான் என்று நான் கன்னத்தைக் கிள்ளினேன். அவள் சிரிக்கவில்லை. காதருகே கொண்டுபோனால் தலையை உதறினாள். அழுத்திப் பிடித்து மாட்டினால் பிடுங்கி எறிந்து, நாங்கள் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் அலறினாள். அன்று மட்டும் இல்லை, மறுநாளும், அதற்கு மறுநாளும். அந்த வாரம் முழுவதும் வீட்டில் சிரிப்பே இல்லை. டீச்சர் வந்து பார்த்துவிட்டு, இப்படியே விட்டால் சிரமம் என்று சொல்லிவிட்டுப் போனார். மெஷின் மேஜைமேல் ஒரு கிண்ணத்தில் கிடந்தது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிடைத்ததே போதும் என்று ஏரிக்கரையில் மூச்சுவிட்டோமே, கிடைத்து என்ன பிரயோஜனம் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சனிக்கிழமை நான் கீழே போனபோது, என் தம்பி தரையில் சிட்டுவுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். நடுவில் அந்தக் கிண்ணம். அவள் இடது காதருகே குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். கெஞ்சிப் பார்த்தாயிற்று, மிரட்டிப் பார்த்தாயிற்று, இப்போது சட்டம் பேசினான்.

"சரி. வச்சது வச்சதுதான். ஆனா டப்பாவுல இருந்து யாரும் எடுக்கலாம்ல? ஒண்ணு வச்சிட்டு எடுக்கலாம்ல?"

அவள் யோசித்தாள். தலையாட்டினாள்.

"அப்ப அப்பா ஒண்ணு வைக்கிறேன். நீ இதை எடுத்துக்கோ. என்ன வைக்கட்டும்? என்ன வேணா கேளு."

பொம்மை கேட்பாள், சைக்கிள் கேட்பாள் என்று நான் நினைத்தேன். அவள் கையை நீட்டி, அவன் கழுத்தில் தொங்கிய விசிலைத் தொட்டாள்.

அவன் குழம்பிப்போனான். "இதுவா? இது உனக்காகத்தானே அப்பா போட்டிருக்கேன்? உனக்கு நல்லாக் கேக்குமே!"

சிட்டு இடது காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒரு விரலைக் காதிலிருந்து தலைக்கு உள்ளே போகிற மாதிரி இழுத்துக் காட்டினாள்.

"உள்ள வந்து குத்துது."

"எப்ப?"

"எப்பவும்."

தம்பி மனைவி அடுப்படி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். துள்ளியது, துள்ளித் திரும்பியது, நாங்கள் அழுதது, எல்லாம் ஒரே நொடியில் என் கண்முன் தலைகீழாகப் புரண்டது.

மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று பெற்றவர்கள் கேட்டுப் பார்க்க ஒரு குழாய் கொடுத்திருந்தார்கள், டாக்டர் கழுத்தில் தொங்குமே அது மாதிரி. ஒரு முனையில் மெஷினைச் செருகி, மறுமுனையைத் தம் காதில் வைத்துக் கேட்க வேண்டும். என் தம்பி ஒரு நாள் தவறாமல் காலையில் அதை மாட்டிக்கொண்டு ஆ, ஈ, ஊ, ஷ், ஸ் என்று எல்லாம் சொல்லிப் பார்ப்பான். அப்படித்தான் பார்க்கச் சொன்னார்கள். விசிலை ஊதிப் பார்க்க யாரும் சொல்லவில்லை. விசில் வெளியே போனால்தானே, மெஷினைச் சோதிப்பது வீட்டுக்குள்தானே!

அவன் எழுந்து போய் அந்தக் குழாயை எடுத்துவந்தான். மெஷினைச் செருகினான். காதில் மாட்டிக்கொண்டு, கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தான்.

"அக்கா, ஊது."

"வேண்டாண்டா."

"நான் எப்பவும் ஊதுற மாதிரி ஊது. அந்த ஜன்னல் பக்கம் போய் நின்னு ஊது."

சிட்டுவை அவள் அம்மா தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் ஜன்னல் பக்கம் போனேன். மனசு வரவில்லை. அவன் ஊதுகிறதில் பாதிகூட ஊதவில்லை, அவ்வளவுதான்.

அவன் அடிபட்டவன் மாதிரிச் சுருண்டு தரையில் உட்கார்ந்தான். குழாய் ஒரு பக்கம் போய் விழுந்தது. இரண்டு கையாலும் காதைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நாற்பது வயசு ஆள் அப்படி மிரண்டு நான் பார்த்ததில்லை. என்னென்னவோ சொல்லித் தேற்ற நினைத்தேன். விசிலைக் கைக்குள் பொத்திக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மூணு வருஷமாக்கா," என்றான். "துள்ளுறப்பல்லாம் நான் சிரிச்சேனேக்கா."

திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு மெஷினைக் காட்டப் போனார்கள். பெரிய சத்தங்களை உள்ளே விடும் அளவு கூடுதலாக இருந்ததைக் குறைத்துக் கொடுத்தார்களாம். பிள்ளைக்கு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத வயசில் மாட்டியது, வலித்தது என்று தெரிந்தால்தானே குறைக்க முடியும் என்று அங்கே சொன்னார்களாம். சட்டாம்பிள்ளை பேசாமல் இருப்பது எங்கள் குடியிருப்பில் ஒரு செய்தியாகவே ஆகிவிட்டது.

ஆனாலும் சிட்டு அதை வாங்கிக்கொள்ளவில்லை. மாற்றம் டப்பாவில்தான் நடக்க வேண்டும், வீட்டுத் தரையில் நடந்தால் செல்லாது என்று நின்றாள். யாரிடம் கற்றாள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது, விசிலின் வாயில் அவன் ஏதோ பசையை வைத்து அடைத்துக்கொண்டிருந்தான்.

"எதுக்குடா? டப்பாவுலதானே போடப் போற?"

"குத்துறது எதுவும் வைக்கக் கூடாதுக்கா," என்றான், நிமிர்ந்து பார்க்காமல். "திறக்குறது யார் வீட்டுக் குழந்தையோ."

பசை காய்ந்ததும் சிட்டுவிடம் கொடுத்தான். அவள் முதலில் கையில் வாங்கவே தயங்கினாள். பிறகு வாயில் வைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஊதிப் பார்த்தாள். புஸ் என்றுகூட வரவில்லை. கண்ணைத் திறந்து, திருப்தியாகத் தலையாட்டி, விசிலைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள்.

பம்ப் ரூமுக்குத் தம்பி மனைவியும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். என் தம்பி மெஷினை டப்பாவுக்குள் வைத்து, மூடி, செங்கல்லைச் செருகிவிட்டு நகர்ந்தான். நகர்ந்தான் என்பது பேச்சுக்கு. பத்தடி தள்ளி நிற்கிறவன் அன்று ஓரடி தள்ளித்தான் நின்றான். கண்ணை அந்தச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. சிட்டு செங்கல்லை உருவி, டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், ஏதோ முதல் தடவை பார்ப்பது போல. கடைசியில் மெஷினை எடுத்தாள். விசிலை வைத்தாள். அவள் மெஷினைத் தானே காதுக்குள் திருகி மாட்டி, பட்டனைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அதுவரை யாராவதுதான் மாட்டிவிட வேண்டும்.

மூடினாள். செங்கல்லை இருந்தபடியே வைத்தாள். வாத்துகளைப் பார்க்க ஓடினாள்.

வழுக்குகிற சரிவுப் பக்கமே ஓடினாள். என் தம்பியின் கை பழக்கதோஷத்தில் நெஞ்சுக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டது. வாயைத் திறந்தான், மூடினான். சத்தம் போடவே பயந்துவிட்டான் என்று எனக்குப் புரிந்தது. பிறகு விறுவிறுவென்று இறங்கிப் போய், அவள் முன்னால் வந்து நின்று, கையைப் பிடித்து, மேலே வரும்படி சைகை காட்டினான். பேச்சே இல்லை, வெறும் சைகை.

சிட்டு அவனை அண்ணாந்து பார்த்தாள். அவன் ஏன் பேசவில்லை என்று அவளுக்கு விளங்கவில்லை போலிருக்கிறது. காது மெஷினைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்பா," என்றாள். "கூப்பிட்டா கேக்கும்பா."

அவன் அவள் கையை விட்டுவிட்டுத் திரும்பி நடந்து மேலே வந்தான். எங்கள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டான். பிறகு சாதாரணக் குரலில், அடுத்த அறையில் இருக்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரி, "சிட்டு" என்று கூப்பிட்டான்.

அவள் திரும்பினாள். துள்ளவில்லை.